லேஸ் கட்டக் குனிந்த மச்சானுக்கு

இத்தனை வருஷமும் எனக்கு இரண்டடி முன்னாலேயே நடந்த கௌதமன் மச்சானுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. கிரவுண்டு கேட்டில் நீ மாட்டிய கரும்பலகையை யாரும் தொடவில்லை. வாராவாரம் சாக்பீஸில் ஒரு வரி எழுதுவாயே, அதில் கடைசியாக எழுதியது மழையில் பாதி கரைந்து, 'வயதானாலும் இளமையாக இருக்க' என்பதோடு நிற்கிறது. இருக்க என்ன செய்யவேண்டும் என்பது ஓடிப்போய்விட்டது. தினம் அதைத் தாண்டும்போது தலையைத் திருப்பிக்கொள்கிறேன்.

போன மாதம் வாக்கிங் ஆட்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "செல்வராஜண்ணா, அவரு வருஷ நினைவுக்கு அந்த போர்டுல ஒட்ட ஒரு கட்டுரை எழுதிக் குடுங்க. இளமையா இருக்கறதுக்குத் தினசரிப் பழக்கங்கள். அவரு எழுதனதெல்லாம் உங்களுக்குத்தான மனப்பாடம்?" எஸ்.எஸ்.எல்.சி.யை இரண்டு தவணையில் முடித்தவன் நான். அதையாவது விடு. என் தொப்பை அவர்கள் கண்ணில் படவே இல்லையா?

சரி என்று இன்று உட்கார்ந்தால் கட்டுரை வரவில்லை, உனக்குக் கடிதம்தான் வருகிறது. இதையே ஒட்டட்டும். எழுத்து கோணலாக இருக்கும், மன்னித்துக்கொள். கட்டிலில் சாய்ந்து, மடியில் ஒரு சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் தாளை வைத்து எழுதுகிறேன். இது என் வீட்டுக் கட்டில் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன். பயமாக இருக்கிறது மச்சான். அதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

உன் பழக்கங்கள் எதையும் நான் மறக்கவில்லை. எழுந்ததும் இரண்டு டம்ளர் வெந்நீர். ராத்திரி எட்டு மணிக்குள் சாப்பாடு. உப்பைப் பாதியாக்கு. படி இருக்கும் இடத்தில் படியில் ஏறு. 'ஒற்றைக் காலில் நின்று பல் விளக்கு, கிழவயசில் தடுமாறி விழமாட்டாய்' என்று ஒரு வாரம் எழுதினாய். நான் மறுநாளே விழுந்தேன், பக்கெட்டோடு. உன் தங்கச்சி மல்லிகா ஓடிவந்து பார்த்தாள். "இன்னாங்க, கிழவயசு வரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதா?" என்றாள்.

உன் தங்கச்சி உன் பலகையைப் படித்துவிட்டு வந்துதான் அடுப்பைப் பற்றவைப்பாள். நீ ஒரு வரி எழுதினால் எங்கள் வீட்டில் ஒரு ருசி போகும். சர்க்கரை போனது, அப்பளம் போனது, ஞாயிற்றுக்கிழமை மட்டன் மாதத்துக்கு ஒரு தடவை ஆனது. "மச்சான், ஒரே ஒரு வாரம் போண்டா உடம்புக்கு நல்லதுன்னு எழுதேன்" என்று உன்னைக் கெஞ்சினேன். "எழுதறேன் மாப்ளே. கீழயே உன் போட்டோவ ஒட்டி, யாரும் இப்டி ஆவாதீங்கன்னும் எழுதறேன்" என்றாய்.

நீ போனபோது உனக்கு அறுபது, எனக்கு ஐம்பத்தெட்டு. மாரிக்குப்பம் ரயிலில் நாம் ரெண்டு பேரும் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வந்த காலத்தில், ஒரு காலேஜ் பெண் எழுந்து எனக்கு இடம் கொடுத்தது. "உக்காருங்க தாத்தா." பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றிருந்த உன்னைப் பார்த்து, "அண்ணா, கொஞ்சம் நகருங்க, தாத்தா உக்காரட்டும்" என்றது. பங்காருபேட்டை வரைக்கும் சிரித்தாய். எனக்கும் சிரிப்புத்தான். ஆனால் உட்கார்ந்துகொண்டுதான் சிரித்தேன், வந்த இடத்தை விடுவேனா?

அப்படி இருந்த நீ போய்விட்டாய். இடம் வாங்கி உட்கார்ந்த நான் இருக்கிறேன்.

உனக்குப் பிறகு கிரவுண்டில் நடந்ததைக் கேள். பதினாலு பேர் நடந்த இடத்தில் இப்போது ஐந்து பேர். மற்றவர்கள் டீக்கடை பெஞ்சில் இருக்கிறார்கள். "அவ்ளோ நடந்த மனுஷனே போய்ட்டாரு. நாம நடந்து இன்னா கிழிக்கப் போறோம்?" என்று ஒருத்தன் கேட்கிறான், மற்றவன் போண்டாவைக் கடித்துக்கொண்டே தலையாட்டுகிறான். டீக்கடைக்காரருக்கு வியாபாரம் நன்றாக நடக்கிறது. "செல்வராஜண்ணா, நீங்களே சொல்லுங்க" என்று என்னைக் கேட்பார்கள். நான் சிரித்து மழுப்பிவிட்டு நகர்ந்துவிடுவேன். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அதுதான் என் பயத்துக்கு வேர்.

நீ போவதற்கு மூன்று வாரம் முன்பு. சைனைடு மேட்டு ஓரமாக ஏறும் சரிவு. தங்கத்தை எடுத்துக்கொண்டு மிச்ச மண்ணை மலையாகக் கொட்டிவைத்த அந்த மேட்டில் அன்று காற்று அதிகம், வாயெல்லாம் புழுதி. நீ நின்றாய். லேஸ் கட்டக் குனிந்தாய். நான் மூச்சு வாங்க நிற்கும் இடத்தில் நீயும் நின்றது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. மறுநாள் அதே இடத்தில் குனிந்தாய். மூன்றாம் நாளும் குனிந்தபோது பார்த்தேன், லேஸ் அவிழவே இல்லை. முடிச்சு போட்டபடி இறுக்கமாக இருக்கிறது, நீ அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு மூச்சை அடக்கிக்கொண்டு இருக்கிறாய்.

"இன்னா மச்சான்?"

"கேஸ்டா. நேத்து அவரக்கா சாப்ட்டேன்."

"மூணு நாளா அவரக்காயா?"

நீ நிமிர்ந்தாய். நெற்றி வேர்த்திருந்தது. "மல்லிகாகிட்ட வாயத் தொறக்காத. கோலார் ஆஸ்பத்திரிக்கு இழுத்துகினு போய் ஊசி போட்டுப் படுக்கவெச்சிடுவா. நானே அன்ஃபிட்டுன்னா அந்த போர்ட எவன்டா படிப்பான்?"

"சரி" என்றேன்.

ஏன் சரி என்றேன்? ஒரு வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். நம்மைப்போல் மைன்ஸ் லைன் வீட்டில் பிறக்காதவனுக்கு இது புரியாது. ஒட்டப்போகும் இடத்தில் இளசுகளும் படிக்கும் என்பதால் சொல்கிறேன்.

நம் அப்பாக்கள் இரண்டு பேரும் சுரங்கத்தில் அடியில் வேலை பார்த்தவர்கள். உடம்பைப் பார்த்து டாக்டர் 'அன்ஃபிட்' என்று எழுதிவிட்டால், மறுநாளிலிருந்து கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிக் கீழே போக முடியாது. மேலேயே ஏதாவது சில்லறை வேலை, சம்பளமும் குறைச்சல். அதனால் செக்கப் நாளில் என் அப்பா வாயில் பனைவெல்லத்தை ஒதுக்கிக்கொண்டு போவார், டாக்டர் எதிரில் இருமல் வரக்கூடாது என்று. எக்ஸ்ரே படத்துக்கு வெல்லம் தெரியுமா? அது அவருக்குத் தோன்றவில்லை. நெஞ்சை நிமிர்த்தி, "ஃபிட் சார்" என்பார். உன் அப்பா வாசலில் நின்று ஒத்திகை பார்ப்பார். "ஃபிட் சார். ஃபிட் சார்." நாம் இரண்டு பேரும் பின்னாலிருந்து அதேபோல் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்த மனுஷன் இருமுவது சுவர் வழியாகப் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். ஆனால் வரிசையில் ஒரு வீட்டுக்காரரும் இன்னொருத்தர் இருமலை வெளியில் சொன்னதில்லை. சொன்னால் அது துரோகம், அவன் பிள்ளைகள் சோற்றில் கைவைத்தமாதிரி. அந்தப் பாடத்தை நாம் நன்றாகப் படித்துவிட்டோம். எஸ்.எஸ்.எல்.சி.யில் கோட்டைவிட்டவன்கூட இதில் ஃபர்ஸ்ட் கிளாஸ்.

சுரங்கம் மூடியாயிற்று. அன்ஃபிட் என்று எழுத ஆள் இல்லை. எழுதினாலும் இழக்க உனக்கு வேலை இல்லை, நீ ரிடையர் ஆகிவிட்டாய். இருந்தும் நீ மறைத்தாய், நான் காப்பாற்றினேன். உன்னை இல்லை மச்சான், நீ மறைத்ததைக் காப்பாற்றினேன்.

நீ போன அன்று காலை மல்லிகா உன் வீட்டுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு வந்தபோது நீ கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்திருந்தாய். ஒரு கால் ஷூவில் லேஸ் கட்டியிருந்தது. இன்னொரு கால் ஷூவில் கட்டவில்லை. புத்த விகாரிலிருந்து ஆட்கள் வந்து விளக்கேற்றி, வெள்ளைத் துணி போர்த்தி, எல்லாம் முடியும்வரை உன் தங்கச்சி வந்தவர்கள் ஒவ்வொருத்தரிடமும் ஒரே வரியைத்தான் சொன்னாள். "எங்கண்ணனுக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லீங்க." சொல்லிவிட்டு ஒவ்வொரு முறையும் என்னைப் பார்த்தாள். "இல்லீங்க?" ஒவ்வொரு முறையும் தலையாட்டினேன். எத்தனை முறை என்று தெரியாது. அன்றிலிருந்து தலை கனமாகத்தான் இருக்கிறது.

அதன்பிறகு நான் எதற்கெல்லாம் பயந்தேன் என்று சொன்னால் நீ சிரிப்பாய். ரயிலில் பக்கத்து ஆள் கண்ணை மூடினால் மூச்சு வருகிறதா என்று பார்க்கிறேன். கண்ணாடி எதிரில் நாக்கை நீட்டிப் பார்க்கிறேன், நாக்கில் என்ன தெரியவேண்டும் என்று தெரியாமலே. ஆனால் நடப்பதை நிறுத்தவில்லை. நடந்தால் உன் பக்கத்தில் இருப்பதுபோல் இருந்தது. நிறுத்தினால் மல்லிகா ஏன் என்று கேட்பாள் என்ற பயமும் இருந்தது.

இப்போது சேதிக்கு வருகிறேன். இரண்டு வாரம் முன்பு, அதே சரிவு. நடு நெஞ்சில் யாரோ உள்ளங்கையை வைத்து அழுத்துவதுபோல் இருந்தது. வலி என்றுகூடச் சொல்லமுடியாது, ஒரு பாரம். இடது தோளுக்குப் போய், தாடைக்கு வந்தது. நின்றதும் போய்விட்டது. 'கேஸ்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவரைக்காய்கூடச் சாப்பிடவில்லை.

மறுநாளும் அதே இடத்தில் வந்தது. கூட நடந்தவர்கள் பார்த்துவிடக்கூடாதே என்று நான் என்ன செய்தேன் தெரியுமா? குனிந்தேன். ஷூமேல் விரலை வைத்துக்கொண்டேன். அது உன் பழக்கம் மச்சான். பலகையில் எழுதாத பழக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை நம்ம பிரீத்தி என்னோடு நடக்க வந்தாள். வாரம் ஆறு நாளும் ரயிலில் பெங்களூர் ஆபீசுக்கு ஓடுகிற பெண், ஏழாம் நாளாவது தூங்கட்டும் என்றால் கேட்கவில்லை. சரிவில் ஏறும்போது ஏதோ ஆபீஸ் கதை சொல்லிக்கொண்டு வந்தாள். எனக்கு அந்தக் கை மறுபடி வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. குனிந்தேன்.

ஆபீஸ் கதை பாதியில் நின்றது. பிறகு மேலேயிருந்து அவள் குரல்.

"அப்பா, இன்னா பண்ற?"

"லேஸ் கட்றேம்மா."

"உன் ஷூவுல லேஸே இல்லப்பா."

பார்த்தேன். இல்லைதான். தொப்பையோடு குனிந்து லேஸ் கட்டச் சிரமப்படுகிறேன் என்று, காலை நுழைத்தால் போதும் என்கிற மாதிரி ஷூவை அவள்தான் தீபாவளிக்கு வாங்கிக்கொடுத்திருந்தாள். இல்லாத லேஸைப் பத்து நாளாகக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். நீயாவது இருந்ததைக் கட்டினாய்.

நிமிர்ந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். "வேர்த்திருக்கு. இன்னாப்பா ஆவுது?"

"ஒண்ணும் இல்ல. கேஸ். அம்மாகிட்ட சொல்லாத."

என் வாயிலிருந்துதான் வந்தது மச்சான். குரல் மட்டும் உன்னுடையது. இல்லை, என் அப்பாவுடையதும்தான். பிரீத்தி என்ன செய்தாள் தெரியுமா? ஒரு நொடி யோசித்துவிட்டு, தலையாட்டினாள். உன்னைப் படுக்கவைத்த அன்று நான் ஆட்டினேனே, அதே ஆட்டல். அதைப் பார்த்ததும் நெஞ்சில் இருந்த கையைவிடப் பெரிய பயம் வந்தது. நான் போய்விட்டால் இவள் வாசலில் நிற்பாள். இவள் அம்மா வந்தவர்களிடமெல்லாம் ஒரு வரி சொல்லிவிட்டு இவளைத் திரும்பிப் பார்ப்பாள். ஆயுசு முழுக்க இவள் தலை கனக்கும். எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு நான் கொடுத்துவிட்டுப் போகும் சொத்து இதுதானா?

"இல்லம்மா" என்றேன். "சொல்லலாம். நானே சொல்றேன். நீ என் கூட நில்லு, அது போதும்."

வீட்டுக்குப் போனபோது மல்லிகா களி கிண்டிக்கொண்டிருந்தாள். கேழ்வரகு மாவு கொதிக்கும்போது துடுப்பை விடமுடியாது, கட்டி தட்டிவிடும். அதுவும் நல்லதுதான், அடிக்கக் கை இருக்காது என்று நினைத்தேன். பிரீத்தி கதவோரம் நின்றாள். நான் நெஞ்சைச் சொன்னேன். மல்லிகா கிண்டிக்கொண்டே, "எத்தினி நாளா?" என்றாள். "பத்து நாள்."

பிறகு உன்னைச் சொன்னேன்.

கை நின்றுவிட்டது. அடுப்பை அணைத்தாள். களி பாதியில் அப்படியே கெட்டியானது. "எத்தினி நாளா?" என்று மறுபடி கேட்டாள், இந்தத் தடவை உன்னைப்பற்றி. "மூணு வாரம்" என்றேன். அழவில்லை. திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "நீங்க அப்பவே சொல்லியிருந்தா எங்கண்ணன் இருந்திருப்பாரா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரியுமா? தெரிந்தால் எப்படியாவது சொல்.

"சட்டையப் போடுங்க. கோலாருக்குப் போறோம்" என்றாள். "சாப்ட்டுட்டு..." என்று ஆரம்பித்தேன். அவள் பார்த்த பார்வையில் பாதியிலேயே சட்டையை மாட்டிக்கொண்டேன்.

அதனால்தான் இந்தக் கட்டில். வந்த அன்று டாக்டர், சின்ன வயசுக்காரர், என்ன தொந்தரவு என்று கன்னடத்தில் கேட்டார். நெஞ்சு தானாக நிமிர்ந்தது. தொப்பை உள்ளே போனது. "ஏனில்லா சார். ஃபிட்" என்றேன், ஒன்றுமே இல்லை என்று. சத்தியமாக நான் சொல்லவில்லை மச்சான், வாய் சொன்னது. மல்லிகா, "டாக்டர், இவரு பொய் சொல்றாரு. இவங்க பரம்பரையே இப்டித்தான்" என்றாள். அவர் சிரிக்காமல் ஒயர்களை ஒட்டினார். தாளைப் பார்த்தார். அதன்பிறகு என்னை நடக்கவே விடவில்லை, தள்ளுவண்டிதான். உயிரோடு இருக்கும்போதே என்னைத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தால் உனக்குக் கொண்டாட்டமாக இருந்திருக்கும்.

அவரிடம் நான் ஒரு கேள்வி கேட்டேன். டீக்கடை பெஞ்சு கேட்கும் அதே கேள்வி. தினம் நடந்து, அளவாகத் தின்று, நேரத்தோடு தூங்கிய என் மச்சானே போய்விட்டாரே, அதெல்லாம் வீணா என்றேன். "வீண் இல்லை. ஆனா நடக்கும்போது நெஞ்சு பிடிச்சா, அது உடம்பு சொல்ற சேதி. அதைக் கேட்டுட்டு இங்க வரணும்" என்றார். அவ்வளவுதான். உன் சரிவு உனக்கு மூன்று வாரம் தினமும் சேதி சொல்லியிருக்கிறது. நீ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாய். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாளைக் காலையில் மணிக்கட்டு வழியாக ஒரு குழாயை விட்டு நெஞ்சுக்குள் எங்கே அடைத்திருக்கிறது என்று பார்க்கப்போகிறார்கள். இதற்கெல்லாம் பயப்படாதே என்று பக்கத்துக் கட்டிலில் இருக்கும் பூதிகோட்டைக்காரர் தைரியம் சொல்கிறார். அவருக்கு முடிந்துவிட்டது, அவர் சொல்லலாம். எனக்குப் பயம் போகவில்லை. கோணல் எழுத்துக்கு அதுதான் காரணம், தட்டு இல்லை.

உன் தங்கச்சி ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். மூன்று நாளாக என்னிடம் மாத்திரை, தண்ணி, திரும்பிப் படுங்க, இந்த மூன்றைத்தான் பேசுகிறாள். நான் எழுதி முடித்த பக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படிக்கிறாள். நீ குனிந்த பக்கத்தை இரண்டு முறை படித்தாள். கொஞ்சம் முன்னால் என் காலில் போர்வை விலகியிருந்ததை இழுத்துவிட்டாள். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை. குளிருக்காகவும் இருக்கலாம்.

கிரவுண்டு ஆட்களுக்கு ஒரு வார்த்தை. பெஞ்சை விட்டு எழுந்திருங்க. வெந்நீர் குடிங்க, உப்பைக் குறைங்க, நடங்க. ஒற்றைக் காலில் பல் விளக்குவதை மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு செய்ங்க. கௌதமன் எழுதியதில் ஒரு வரியும் பொய் இல்லை. அவர் ஒரு வரியை எழுதாமல் விட்டார், நான் அதற்குக் கூட்டு நின்றேன். வலித்தால் அன்றைக்கே வீட்டில் சொல்லுங்க. கூட நடக்கிறவர் குனிந்தால் லேஸைப் பாருங்க. அவிழாத லேஸைக் கட்டினால் அவர் வீட்டில் போய்ச் சொல்லுங்க. அவர் கோபித்துக்கொள்ளட்டும். கோபித்துக்கொள்ள ஆள் இருக்கட்டும்.

மச்சான், உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். நாளை நல்லபடியாக முடிந்து திரும்பினால், மழை கரைத்த உன் வரியை நானே சாக்பீஸ் பிடித்து முடித்துவைப்பேன். வாரம் தவறாமல் எழுதுவேன். திரும்பாமல் போனால் பிரீத்தி எழுதுவாள். அவளிடம் இன்னொன்றும் சொல்லிவைத்திருக்கிறேன். வாசலில் யார் வந்து கேட்டாலும், 'எங்கப்பாவுக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லை' என்று சொல்லக்கூடாது. 'எங்கப்பாவுக்கு நெஞ்சு வலிச்சுது, பயந்துகினார், சொல்லிட்டார்' என்று சொல்லவேண்டும். "சரிப்பா" என்றாள். இந்த முறை தலையாட்டவில்லை, வாயைத் திறந்து சொன்னாள்.

இப்படிக்கு,
உன் தங்கச்சி மல்லிகாவின் புருஷன், பிரீத்தியின் அப்பா,
உன் மாப்ளே செல்வராஜ்,
இப்போதைக்கு அன்ஃபிட்.